பதினாலு ஓட்டு வீடு

"என் வீட்டுல எனக்கு ஓட்டுப் போடாத அந்த ஆறு பேர் யாரு?"

மாசிலாமணி இதைத்தான் கேட்டார். வணக்கம் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

பொன்னுருவி தன் மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. காதில் கை வைத்துக் காட்டினாள்.

அவர் கத்தினார். தும்மினார். மறுபடியும் கத்தினார்.

அவள் ஸ்விட்சை அணைத்தாள். மெஷின் நின்றுவிட்டது. அவர் கத்தல் நிற்கவில்லை.

"என் வீட்டுல எனக்கு ஓட்டுப் போடாத ஆறு பேர் யாரு?"

டின்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல யாரும் இல்லண்ணே," என்றாள் ஒருத்தி. "நாங்க வேற வார்டு."

மற்றவர்கள் சிரித்தார்கள். மாசிலாமணிக்கு இதெல்லாம் பழகிப்போச்சு.

விஷயம் இதுதான். மாசிலாமணி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாத்தனேரியில் பாதிப் பேரை ஏற்றி இறக்கினவர். அதனால் ஊருக்கே தன்னைத் தெரியும் என்று நினைத்தார். போன பேரூராட்சித் தேர்தலில் ஏழாவது வார்டில் சுயேச்சையாக நின்றார்.

அவர் வீடு பெரிய வீடு. அண்ணன் தம்பி மூணு பேர், மனைவிமார், மகன்கள், மருமகள்கள், அம்மா. அவரையும் சேர்த்து வீட்டில் மட்டும் பதினாலு ஓட்டு.

விழுந்தது எட்டு.

வாக்கு எண்ணுகிற இடத்திலேயே, ஜெயித்த கோதண்டம் எல்லார் முன்னாடியும் கேட்டார். "ஊருக்குத்தான் உன்னைத் தெரியலன்னா, வீட்டுக்குமாய்யா தெரியல?"

அன்றையிலிருந்து மாசிலாமணி சரியாகத் தூங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார், முகங்களைப் பார்ப்பார். ரசம் ஊற்றுகிற கையைப் பார்ப்பார். யார் கண்ணைத் தாழ்த்துகிறார்கள், யார் சீக்கிரம் எழுந்து போகிறார்கள் என்று பார்ப்பார். தூங்கிக்கொண்டிருக்கிற தம்பி மகனைத் தட்டி எழுப்பி, "என் சின்னம் என்னடா?" என்று கேட்டிருக்கிறார். அவன் பாதித் தூக்கத்தில், "எந்தச் சின்னம் பெரியப்பா?" என்றான். ஒரு மாசம் அவனோடு பேசவில்லை.

அம்மா கண்ணை மூடியபோது வீடே அழுதது. இவரும் அழுதார். அழுதுகொண்டே மனசுக்குள் ஓடினது என்ன தெரியுமா? அம்மாவிடம் கேட்காமலே விட்டுவிட்டோமே.

அப்படிப்பட்ட ஆள்தான் இப்போது திரும்பவும் நிற்கிறார். அதே வார்டு. சின்னம் தையல் மிஷின். அம்மா போனார்கள், பெரிய தம்பியின் மருமகள் கோகிலா வந்தாள். வீட்டில் அதே பதினாலு ஓட்டு.

அவர் ஏன் பொன்னுருவியிடம் வந்தார்? அவள் பக்கத்து வார்டு கவுன்சிலர். கட்சி இல்லை, ஆள் பலம் இல்லை. ரெண்டு தடவை நின்றாள், ரெண்டு தடவையும் ஜெயித்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. அவர் வயசில் பாதிதான். ஆனால் எட்டு ஓட்டு வாங்கினவனுக்கு வயசு எல்லாம் ஒரு பிரச்சினையா?

"ஜெயிக்கிறதுக்கு வழி கேக்க வரல," என்றார். "எனக்குப் பதினாலு விழணும். பதினஞ்சுகூட வேணாம். அதுக்கு முன்னாடி அந்த ஆறு பேர் யாருன்னு தெரியணும். நீ ஆளுங்களப் படிக்கிறவ. சொல்லு."

பொன்னுருவி மிளகாய்த் தூளைச் சலித்தாள்.

"ஆறுன்னு யாருண்ணே சொன்னா?"

"பதினாலுல எட்டுப் போனா ஆறு. கணக்குத் தெரியாதா உனக்கு?"

"அந்த எட்டும் உங்க வீட்டு ஓட்டுன்னு யாரு சொன்னா?"

அவருக்குப் புரியவில்லை.

"ஒண்ணு நீங்க போட்டது," என்றாள். "மிச்ச ஏழும் வெளிய இருந்து வந்திருந்தா?"

மாசிலாமணி விரலை மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார். முகம் வெளுத்தது.

"அப்படின்னா... வீட்டுல இருக்கற பதிமூணு பேருமா..."

அவள் ஸ்விட்சைப் போட்டாள்.


மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். கண் இரண்டும் மிளகாய் மாதிரி.

"வினை வெச்சு அனுப்பிட்டியே தாயி! நேத்து வரைக்கும் ஆறு பேரத்தான் சந்தேகப்பட்டேன்."

"இப்ப?"

"எல்லாரையும்."

"நல்லது. ஓரவஞ்சனை இல்ல."

"வெளையாடாத. என்ன பண்ணட்டும், சொல்லு."

அவள் ஷட்டரைத் தூக்கினாள். அவரும் ஒரு கை கொடுத்தார்.

"போன தடவ எந்தெந்த வீட்டுல ஓட்டுக் கேட்டீங்க?"

"ஒரு வீடு விடல. நாய் இருக்கற வீட்டுலகூடக் கேட்டேன்."

"உங்க வீட்டுல?"

"என் வீட்டுல எதுக்குக் கேக்கணும்?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பி, தராசைப் பார்த்தார். தராசிலிருந்து சுவரைப் பார்த்தார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள்.


மாசிலாமணி வெள்ளை வேட்டி சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, கையில் நோட்டீஸோடு தன் வீட்டு வாசலில் போய் நின்றார். அழைப்பு மணியை அழுத்தினார்.

மனைவி செண்பகவல்லி வந்தாள்.

"என்ன வாசல்லயே நிக்கிறீங்க? எதையாவது மிதிச்சிட்டீங்களா?"

அவர் கும்பிட்டார்.

"அம்மா, ஏழாவது வார்டு உறுப்பினர் பதவிக்குத் தையல் மிஷின் சின்னத்தில் போட்டியிடும் உங்கள் மாசிலாமணி, உங்கள் பொன்னான வாக்குகளை..."

செண்பகவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"இருங்க," என்று உள்ளே போனாள்.

ஆரத்தித் தட்டு எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு.

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். அதைப் போட்டு அவளே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்னா?"

"அதைத்தான் கேக்கறேன்."

"நல்லது பண்ணுவேன்."

"எந்த நல்லது?"

"எல்லா நல்லதும்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். சின்னத் தம்பி தில்லைநாயகத்தின் சிரிப்பு மாதிரி இருந்தது. மாசிலாமணி எட்டிப் பார்த்து, அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க," என்றாள் செண்பகவல்லி. "மூணாவது சந்துல பைப்பு உடைஞ்சு கெடக்கு. எந்த வீட்டுக்கு முன்னாடி?"

அவருக்குத் தெரியவில்லை. மூணாவது சந்தில் பைப் இருப்பதே தெரியாது.

"வார்டு பூரா நடந்தீங்களே, போன தடவையும் இந்தத் தடவையும். அப்புறம் என்னத்தைத்தான் பாத்தீங்க?"

"மூஞ்சியப் பாத்தேன்," என்றார். பொய் சொல்ல வரவில்லை. "இவன் போடுவானா, மாட்டானான்னு."

அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கினாள்.

"சரி. பாக்கலாம்," என்றாள்.

வாக்காளர்கள் எல்லாரும் வேட்பாளரிடம் சொல்வார்களே, அதே 'பாக்கலாம்'.

கதவைச் சாத்தினாள். அது அவர் வீட்டுக் கதவு. அவர் வெளியே நின்றார்.


"என் பொண்டாட்டி பாக்கலாம்னு சொல்றா!"

மில்லுக்கு ஓடித்தான் வந்திருந்தார். மூச்சு வாங்கியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுருவிக்குக் கேட்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தே புரிந்தது போல.

"பைப்பு உடைஞ்சது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கவுன்சிலரா?"

அவள் அரிசியைத் தள்ளிக்கொண்டே இடது கையைத் தூக்கி, மூணாவது சந்து இருக்கிற திசையைக் காட்டினாள்.

"போய் என்ன பண்ணட்டும்? ஓட்டுக் கேக்கட்டுமா?"

திரும்பவும் அதே திசை. இந்தத் தடவை கொஞ்சம் எரிச்சலோடு.

போனார்.

மூணாவது சந்தில் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். குழியில் இடுப்பு வரை சேறு. சேற்றில் ஒரு ஆள், சட்டை இல்லாமல், கெட்ட வார்த்தையில் பைப்பைத் திட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

கோதண்டம்.

இப்போதைய கவுன்சிலர். எதிர் வேட்பாளர். சின்னம் ஸ்டூல். கோதண்டம் நல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாய் சுத்தமில்லை. தெருவிளக்கு போட்டதில் கமிஷன் அடித்தார் என்று டீக்கடையில் பேச்சு உண்டு. ஆனால் பைப் உடைந்தால் வேலைக்காரன் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க மாட்டார். மோட்டார் கடை வைத்திருந்த ஆள், தானே இறங்கிவிடுவார்.

"என்ன எட்டு," என்றார் கோதண்டம். "வேடிக்கை பாக்க வந்தியா? அந்த ரெஞ்சை எடு."

மாசிலாமணி அசையவில்லை.

"எடுத்தா தோத்துடுவியோ? எப்படியும் தோக்கத்தானய்யா போற. எடு!"

எடுத்துக் கொடுத்தார்.

"அந்த முனையை அமுக்கிப் புடி. அங்க இல்ல, கீழ. மேல நின்னுக்கிட்டு எப்படிப் புடிப்ப? எறங்குய்யா!"

ஏன் இறங்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இறங்கிவிட்டார். வெள்ளை வேட்டி ஒரு நொடியில் மண் கலராச்சு. தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. பிடித்தார். வழுக்கியது. கோதண்டம் அவரைத் திட்டினார், வேலைக்கு வந்த எடுபிடியைத் திட்டுவது போலவே. இவரும் பதிலுக்குத் திட்டினார். ரெண்டு பேரும் சேர்ந்து பைப்பைத் திட்டினார்கள்.

குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி சொன்னாள். "ரெண்டு வேட்பாளரும் ஒரே குழியில கெடக்காங்கடி. மண்ணைத் தள்ளி மூடிட்டா எலெக்சன் செலவு மிச்சம்."

ஒரு வழியாக ஒழுகல் நின்றது. சந்து முனைக் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின. யாரும் நன்றி சொல்லவில்லை. கோதண்டம் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார், இவரை ஏறெடுத்தும் பார்க்காமல்.

மாசிலாமணி குழி ஓரத்தில் உட்கார்ந்து காலைக் கழுவினார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. உள்ளே இருந்த நேரம் பூரா, அந்த ஆறு பேர் ஞாபகமே வரவில்லை.

உறைத்த உடனே வந்துவிட்டது. ஆறு பேரா, பதிமூணு பேரா?


ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாள் மாலை, மில்லுக்கு வந்தார். உட்காரவில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவே அங்கும் இங்கும் நடந்தார்.

"நாளைக்கு ஒரு யோசனை வெச்சிருக்கேன். முதல் ஆளா நான் போட்டுட்டு, வெளிய மரத்தடியில நின்னுக்குவேன். எங்க வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா வெளிய வருவாங்கள்ல? மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

"உக்காருங்கண்ணே. தலை சுத்துது."

"எனக்கு சுத்தல."

"எனக்கு சுத்துது."

உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அவள் அவர் சட்டைப் பையிலிருந்த நோட்டீஸை உருவினாள். கும்பிட்டபடி அவர் படம். கீழே பேர், வார்டு, தையல் மிஷின்.

"இது யாரு?"

"என்ன கேள்வி? நான்தான்."

அவள் ஒரு பிடி கேழ்வரகு மாவை அள்ளினாள். படத்தின் மேல் போட்டாள். உள்ளங்கையால் தேய்த்தாள். முகம் போச்சு. கும்பிட்ட கை மட்டும் தெரிந்தது.

"இப்ப இது யாரு?"

"ஏம்மா நல்ல நோட்டீஸை..."

"யாருண்ணே?"

அவர் வாங்கிப் பார்த்தார்.

"எவனோ."

"இவன் வந்து உங்ககிட்ட ஓட்டுக் கேட்டா, போடுவீங்களா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் கோதுமையோடு வந்தான். அவள் ஸ்விட்சைப் போட்டுவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. சொன்னாரா என்பதே சந்தேகம்.


வாக்குச்சாவடி, பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம். வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒன்றாகவே கிளம்பி வந்திருந்தார்கள். மாசிலாமணிதான் முதலில் உள்ளே போனார்.

விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்.

மெஷினில் பேர்கள் இருந்தன. படம் இல்லை.

மாசிலாமணி. தையல் மிஷின்.

அவர் அந்தப் பேரைப் படித்தார். யாரோ பேர் போல இருந்தது. யார் இந்த ஆள்? ஜெயித்தால் என்ன பண்ணுவான்? நல்லது பண்ணுவான். எந்த நல்லது? எல்லா நல்லதும்.

அதற்கு ரெண்டு வரி மேலே, கோதண்டம். ஸ்டூல்.

விரல் மேலே போனது.

அழுத்திவிட்டது.

பீப் சத்தம் நீளமாக வந்தது. அவர் நகரவில்லை.

"ஐயா, முடிஞ்சிருச்சு," என்றார் அதிகாரி. "வெளிய வாங்க. இன்னொரு தடவ எல்லாம் போட முடியாது."

மரத்தடிக்கு வந்தார். முகங்களைப் பார்ப்பதாகத் திட்டம் போட்டிருந்தாரே, ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

தில்லைநாயகம் விரல் மையைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே ஒரு மாதிரி நிக்கிற? நீயே ஸ்டூலுக்குப் போட்டுட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணிதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.


எண்ணி முடித்தார்கள். கோதண்டம் ஜெயித்தார்.

மாசிலாமணிக்குப் பதிமூணு.

"யோவ் எட்டு!" என்று கோதண்டம் மாலைக்குள்ளிருந்து கூப்பிட்டார். "தப்பு, தப்பு. பதிமூணு. முன்னேறிட்டய்யா!"

மாசிலாமணி வீட்டுக்குப் போகவில்லை. நேரே மில்லுக்குப் போனார். மெஷின் ஓடவில்லை. கரண்ட் இல்லை. பொன்னுருவி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதிமூணு," என்றார்.

"ஒண்ணு கொறையுதே."

"ம்."

"யாருன்னு தெரியுமா?"

அவர் தலையை ஆட்டினார். தெரியும்.

"சொல்லுங்க."

எத்தனையோ ராத்திரி இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர். இப்போது பதில் கையில் இருக்கிறது. சொல்ல முடியவில்லை.

"எதனால அந்த ஆளு போடல?" என்றாள். "ஆகாதா உங்களுக்கும் அவருக்கும்?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

"தெரியலம்மா."

அவள் விசிறியை நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுக்கு நிக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க. அங்கதான் தேடிக்கிட்டு இருப்பாங்க."

"என்னையா?"

"அந்த ஒருத்தரை."


தெரு முனையிலேயே சத்தம் கேட்டது.

கூடத்தில் இலை போட்டிருந்தது. பாயசம் வைத்திருந்தார்கள், பதினாலும் விழுந்துவிடும் என்று. யாரும் உட்காரவில்லை. தில்லைநாயகம் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவன் எதிரே கோகிலா. அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள்.

"கோதண்டம் உனக்கு மாமா முறையா இல்லையா?"

"முறைதான் சின்ன மாமா. அதுக்காக?"

"அதுக்காகத்தான். இந்த வீட்டுல வேற யாருக்கு அவன் ஒறவு?"

"நான் தையல் மிஷினுக்குத்தான் போட்டேன். அந்த மெஷினைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வைக்க முடியுமா?"

"வாயைப் பாரு! கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுவியா?"

"தில்லை, விடுடா," என்றாள் செண்பகவல்லி. "சின்னப் பொண்ணு."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. எங்கண்ணன் அஞ்சு வருஷமா ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பூஜை அறைத் தட்டில் கற்பூரத்தை வைத்தான். கொளுத்தினான். கோகிலாவின் முன்னால் நீட்டினான்.

கோகிலாவின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு தடவை அவனைப் பார்த்தாள். அப்புறம் வளையலை மேலே தள்ளினாள்.

"சரி. அடிக்கிறேன். அடிச்ச கையோட எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன். யாரும் கூப்பிட வரவும் வேணாம்."

கையைத் தூக்கினாள்.

"கையை எடும்மா," என்றார் மாசிலாமணி. வாசற்படியில் நின்றிருந்தார்.

"இல்ல பெரிய மாமா, நான் அடிச்சே..."

"எடு. நான்தான் போடல."

யாருக்கும் புரியவில்லை.

"எனக்கு நான் போடல. கோதண்டத்துக்குப் போட்டேன்."

"அண்ணே," என்றான் தில்லைநாயகம். "அவளைக் காப்பாத்தறதுக்காக நீ பழியத் தூக்கிப் போட்டுக்காத. எவனாவது தனக்கே போடாம இருப்பானா?"

மாசிலாமணி உள்ளே வந்தார். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை ஓங்கி அடித்தார்.

அணைந்தது. புகை மேலே போனது. உள்ளங்கையில் கரி.

தில்லைநாயகம் அந்தக் கையையே பார்த்தான்.

"ஏன்ணே?" தில்லைநாயகத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஏன் அப்படிப் பண்ண?"

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார்.

"பைப்பு ஒழுகுச்சு. அந்தாளு எறங்கினான்."

"உன் மேலயே உனக்கு அப்படி என்ன கோவம்?"

"கோவம் எல்லாம் இல்லடா."

சொல்லிவிட்டு நின்றார். தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல.

செண்பகவல்லி குனிந்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போன தடவ நான் உங்களுக்குப் போடல," என்றாள். "கோவம் எல்லாம் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

தில்லைநாயகம் தட்டைக் கீழே வைத்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே... போன தடவ நானும்..."

மாசிலாமணி கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சோத்தைப் போடு செண்பகம். பசிக்குது."

"இல்லண்ணே, நான் சொல்லிடறேன். அன்னிக்கு நான் உள்ள போனப்போ..."

"தில்லை."

"ஆங்?"

"அந்த அப்பளத்தை இப்படித் தள்ளு."